அப்பா அம்மாவுக்குக் கோவைப் பக்கம் ரிட்டயர்மென்ட் ஹோம்: எதையெல்லாம் பார்த்து முடிவு செய்யணும்?

பவானிக்கரை:

வணக்கமுங்க. கோபியில் (கோபிசெட்டிபாளையம்) இருக்கும் அப்பா அம்மாவுக்குக் கோயமுத்தூர் பக்கம் ஒரு ரிட்டயர்மென்ட் ஹோம் பார்க்கிறோம். அப்பாவுக்கு 74, இரண்டு வேளை இன்சுலின். அம்மாவுக்கு 69, இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதரையில் நடப்பார், படி ஏற முடியாது. பிள்ளைகள் இருவருமே வெளிநாட்டில். போவதற்குப் பெரியவர்கள் இருவரும் மனசார ஒத்துக்கொண்டார்கள், அதனால் அனுப்பலாமா கூடாதா என்ற பேச்சு இங்கே வேண்டாம்.

மூன்று இடம் கையில் இருக்கிறது. தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் பத்திரம் செய்து தரும் தனி வில்லா. சரவணம்பட்டிக்கு வடக்கே, மொத்தமாக டெபாசிட் கட்டி ஆயுள் வரைக்கும் இருக்கும் அடுக்குமாடி. பிற்பாடு டெபாசிட் வாரிசுக்குத் திரும்பும் என்கிறார்கள். மூன்றாவது பேரூர்ப் பக்கம் ஒரு சீனியர் லிவிங் வளாகத்தில் வாடகை வீடு. மூன்றிலும் சாப்பாடு, நர்ஸ், ஆம்புலன்ஸ் உண்டு என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. நேரில் போகும்போது என்ன கேட்பது, எதை அளந்து பார்ப்பது, எந்தக் காகிதத்தை வாங்கிப் படிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்:

மூன்றும் மூன்று வேறு வியாபாரம். முதலாவதில் சொத்து வாங்குகிறீர்கள். மூன்றாவதில் வாடகைக்கு இருக்கிறீர்கள். இரண்டாவதில் நிர்வாகத்துக்கு அடமானம் இல்லாமல் கடன் கொடுக்கிறீர்கள். டெபாசிட் என்ற பேரில் அது நடக்கிறது. இப்படிப் பார்த்தால் எங்கே என்ன கேட்கணும் என்பது தானாகப் பிடிபடும்.

கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பது வாங்குபவரின் சொத்தை. வளாகம் நிற்கும் நிலம் யார் பெயரில்? டெபாசிட் வாங்கும் கம்பெனி பெயரிலா, அதன் உரிமையாளர் குடும்பத்தின் பெயரிலா? சர்வே எண்ணை வாங்கி 30 வருட வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் வங்கியில் அசல் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினால் அந்த ஒப்படைப்பு ஆவணம் பதிவாகி வில்லங்கத்தில் ஏறும். அப்படி ஒரு பதிவு இருந்து, அதற்கு ரசீதுப் பத்திரம் (கடன் தீர்ந்தது என்ற பதிவு) இல்லையென்றால், கம்பெனி நொடித்தால் வங்கிக்குத்தான் முதல் பங்கு. டெபாசிட் கொடுத்தவர் வரிசையின் கடைசியில் நிற்பார்.

அடுத்தது, பணம் எப்போது திரும்பும். "காலி செய்த 90 நாளுக்குள்" என்று எழுதியிருந்தால் அது ஒரு உறுதி. "அடுத்த குடியிருப்பாளர் டெபாசிட் கட்டிய பிறகு" என்று எழுதியிருந்தால் அதற்கு நாள் கணக்கே கிடையாது. வருடத்துக்கு எத்தனை சதவீதம் கழிப்பார்கள், கழிவுக்கு உச்ச வரம்பு உண்டா, ஒருவர் போய் மற்றவர் மட்டும் இருந்தால் அதே ஒப்பந்தம் தொடருமா, புதிதாகப் போடச் சொல்வார்களா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை 1908 பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவாக வேண்டும். "முத்திரைத்தாளில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம், பதிவு தேவையில்லை" என்று சொல்லும் இடத்தில் பெரிய தொகையைக் கட்டாதீர்கள்.

வில்லாவுக்கு வேறு கணக்கு. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டுப் பார்த்தால், அனுமதித்த வரைபடத்தில் நோட்டீஸில் காட்டும் கிளினிக்கும் சாப்பாட்டுக் கூடமும் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். விற்பனை ஒப்பந்தம் பதிவாவதற்கு முன்னால் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. கட்டுமானக் குறை என்றால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் சொன்னால் அவர்கள் செலவில் சரி செய்து தரணும். தொண்டாமுத்தூருக்கு மேற்கே பல வருவாய் கிராமங்கள் மலைப்பகுதிப் பட்டியலில் வருகின்றன. அங்கே டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி மட்டும் போதாது, ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பத்திரத்தில் முக்கியமாகத் தேட வேண்டியது ஒன்று: சமையல்கூடம், கிளப் ஹவுஸ், கிளினிக் இருக்கும் கட்டிடம் யாருடையது? குடியிருப்போர் சங்கத்தின் பொதுச் சொத்தாக வந்தால், நடத்தும் கம்பெனி சரியில்லாதபோது வேறு ஆளைக் கொண்டுவரலாம். கட்டியவரே அதைத் தன் பெயரில் வைத்துக்கொண்டால், சங்கம் எத்தனை தீர்மானம் போட்டாலும் சோறு அந்த அடுப்பிலிருந்துதான் வரும். ஓய்வுக்கால வீடுகளுக்காக மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல், கட்டியவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து போடும் ஒப்பந்தத்தைப் பேசுகிறது. அப்படி ஒன்று அங்கே உண்டா என்று கேளுங்கள். சேவை ஒப்பந்தம் தனியாக இருந்தால் அதன் காலம், முறிக்க எத்தனை மாத நோட்டீஸ் என்பதைப் பாருங்கள்.

உங்கள் நிலையில் நான் சொல்வது, முதல் வருடம் வாடகை. வெளிநாட்டில் இருப்பவர்கள் இப்போதே வாங்கி, தாங்கள் வரும்வரை வாடகைக்கு விடும் வீடுகள் இந்த வளாகங்களில் உண்டு. வாடகை ஒப்பந்தத்தை 2017 குத்தகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். ஒரு வருடத்தில் சாப்பாடும் நர்ஸும் எப்படி என்பது முழுக்கத் தெரியும். அதற்குப் பிறகு வாங்கலாம், விலை ஒன்றும் ஓடிவிடாது. வயது வரம்பு இருக்கும் வளாகத்தில் வாங்கும் ஆட்கள் குறைவு, அதனால் மறுவிற்பனை விலை சாதாரண வீட்டைப்போல் ஏறுவதில்லை.

மருதமலைக் காத்து:

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்திலிருந்து சொல்றேன்ங்க. இடத்தைப் பார்க்கப் போகும்போது ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. தோட்டத்தையும் நீச்சல் குளத்தையும் அவங்களே காட்டுவாங்க. நீங்க நேரா பாத்ரூமுக்குப் போங்க.

பாத்ரூம் கதவு திறந்த நிலையில் 80 சென்டிமீட்டராவது இடைவெளி வேணும். 90 இருந்தா நல்லது. சாதாரண வீல்சேர் 65 சென்டிமீட்டர் அகலம், தள்ளும் கைக்கு இரண்டு பக்கமும் இடம் வேணும். கதவு வெளிப்பக்கம் திறக்கணும், இல்லாட்டி ஸ்லைடிங்கா இருக்கணும். உள்பக்கம் திறக்கிற கதவுக்குப் பின்னால ஒருத்தர் விழுந்துட்டா அவங்க உடம்பே கதவை அடைச்சுக்கும், உடைச்சுத்தான் உள்ளே போக முடியும். தாழ்ப்பாள் வெளியிலிருந்து நாணயம் வெச்சுத் திருப்பித் திறக்கிற மாதிரி இருக்கணும். குளிக்கிற இடத்துக்கும் மத்த இடத்துக்கும் நடுவுல கட்டை கூடாது. சரிவு மட்டும் போதும். டைல்ஸ் மேல ஒரு குவளை தண்ணியும் ரெண்டு சொட்டு ஷாம்பூவும் ஊத்தி, காலால தேய்ச்சுப் பாருங்க. காஞ்ச டைல்ஸை வெச்சு ஒண்ணும் தெரியாது.

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம்னு சொல்றீங்க. கக்கூஸ் சீட் 45லிருந்து 48 சென்டிமீட்டர் உயரம் வேணும், பக்கத்துல கைப்பிடி வேணும். கைப்பிடியை உங்க முழு எடையையும் போட்டு இழுங்க. உள்ளே பொந்தா இருக்கிற ஹாலோ பிளாக் சுவர்ல சாதாரண பிளக் போட்டு மாட்டினது ஆறு மாசத்துல ஆடும். ஆடற கைப்பிடி இல்லாத கைப்பிடியை விட ஆபத்து, ஏன்னா அதை நம்பித்தான் எழுந்திருப்பாங்க. துண்டு போடற கம்பியைக் காட்டி இதுதான் கைப்பிடின்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

எமர்ஜென்சி பட்டன் நாலடி உயரத்துல சுவிட்ச் போர்டுல இருந்தா விழுந்தவங்களுக்கு எட்டாது. தரையிலிருந்து ஒரு அடிக்குள்ள தொங்கற கயிறு வேணும். சோதனைத் தங்கலுக்கு வரும்போது ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவை அதை இழுத்துப் பாருங்க. யார் வர்றாங்க, எத்தனை நிமிஷத்துல வர்றாங்க, வந்தவங்க நர்ஸா வாட்ச்மேனா? முன்னாடியே நிர்வாகத்துக்கிட்ட சொல்லி அனுமதி வாங்கிட்டுச் செய்யுங்க, தேதியை மட்டும் சொல்ல வேண்டாம்.

வில்லான்னா மாடி வேண்டாம். படுக்கையறை, பாத்ரூம், சமையல் மூணும் ஒரே தளத்துல இருக்கணும். வாசல்ல சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இதைவிடச் செங்குத்தா இருந்தா தள்றவங்களால பிடிக்க முடியாது. அடுக்குமாடின்னா லிஃப்ட் உள்ளே ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்குல நுழையணும், அதுக்கு ரெண்டு மீட்டருக்குக் குறையாத ஆழம் வேணும். ஆறு பேர், எட்டு பேர் லிஃப்ட்ல அது நுழையாது. ஜெனரேட்டர்ல லிஃப்ட் ஓடுமா, வீட்டுக்குள்ள ஒரு பிளக் பாயிண்டாவது ஓடுமான்னு கேளுங்க. அஞ்சு லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல இழுக்கும்.

நர்ஸ் 24 மணி நேரம்னு எல்லா நோட்டீஸ்லயும் இருக்கும். படிச்ச நர்ஸா, பழக்கி விட்ட அட்டெண்டரா, ராத்திரி ஷிஃப்ட்ல எத்தனை பேர், எத்தனை வீட்டுக்கு? அப்பாவுக்குக் கை நடுங்கினா இன்சுலின் போட்டு விடுவாங்களா, அது மாதக் கட்டணத்துல சேருமா, தனியா? மூத்திரக் குழாய் மாத்தறது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடறது இதுக்கெல்லாம் விலைப்பட்டியல் தனியா இருக்கும். அந்தப் பட்டியலை வாங்காம வராதீங்க.

ஆஸ்பத்திரித் தூரத்தைக் கிலோமீட்டர்ல கேக்காதீங்க, சாயங்காலம் 6 மணிக்கு எத்தனை நிமிஷம்னு கேளுங்க. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி, அறிகுறி ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி சி.டி. ஸ்கேன் எடுத்தாகணும். அப்போ எந்நேரமும் ஸ்கேனும் கேத் லேபும் (ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கிற இடம்) இருக்கிற ஆஸ்பத்திரிதான் கணக்கு, வளாகத்துக்குப் பக்கத்துல இருக்கிற கிளினிக் கணக்கில்ல. சரவணம்பட்டிலிருந்து காளப்பட்டி வழியா அவினாசி ரோடு கே.எம்.சி.ஹெச்.க்குப் போயிடலாம். எலும்பு முறிவுக்குப் பேர் போன கங்கா ஆஸ்பத்திரி மேட்டுப்பாளையம் ரோட்டுல இருக்கு. தொண்டாமுத்தூர்லிருந்துன்னா ஊருக்குள்ள புகுந்துதான் எங்கேயும் போகணும். வளாகத்து ஆம்புலன்ஸுக்கு ராத்திரி டிரைவர் அங்கேயே தங்கறாரான்னும் கேட்டுக்குங்க. வண்டி நிக்கும், ஓட்ட ஆள் இருக்காது, கடைசியில 108-ஐக் கூப்பிடறது நிறைய இடத்துல நடக்குது.

பேரூர்ப் பட்டிக்காரன்:

ஏனுங்க, இடத்தைப் பத்தி நான் சொல்றேனுங்க. மலையடிவாரம் பாக்கறதுக்கு அம்சமா இருக்கும். ஆனா நரசீபுரம், செம்மேடு, தடாகம் பக்கமெல்லாம் யானை வாற தடமுங்க. வாழையும் தென்னையும் எங்கிருக்கோ அங்க வரும். விடிகாலம் அஞ்சு மணிக்கு வாக்கிங் போற பழக்கம் உங்கப்பாவுக்கு இருந்தா, அந்த வளாகத்துக்குள்ளயே சுத்துச் சுவருக்கு உள்ள ஒரு கிலோமீட்டராவது நடக்க வழி இருக்கோணும். வெளிய போய் நடந்துக்கலாம்னு சொன்னா வேண்டாமுங்க. பக்கத்துத் தோட்டக்காரங்ககிட்டப் போய், போன பருவத்துல யானை எது வரைக்கும் வந்துச்சுன்னு கேட்டுப்போடுங்க. விக்கறவன் சொல்றதைவிட அது நெசம்.

தண்ணி. சிறுவாணித் தண்ணி வருதா, போர் தண்ணியா? நோட்டீஸ்ல சிறுவாணின்னு போட்டிருந்தாலும் குழாய்ல என்ன வருதுன்னு பாக்கோணும். தண்ணில கரைஞ்ச உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூவாய்க்குக் கிடைக்குது, வாங்கிட்டுப் போங்க. 500-க்குள்ள இருந்தா குடிக்க ஏத்தது, வேற தண்ணியே இல்லாட்டி 2000 வரைக்கும் பொறுத்துக்கலாம்னுதான் இந்தியத் தரக் கட்டுப்பாட்டுல இருக்கு. போர் தண்ணியை சாஃப்ட்னர்ல விட்டுக் குடுக்கற இடத்துல, அந்தத் தண்ணில சோடியம் ஏறி இருக்குமுங்க. ரத்தக் கொதிப்பு இருக்கறவங்க அதைக் குடிக்கவும் சமைக்கவும் கூடாது, குளிக்க மட்டும்தான். சித்திரைல எத்தனை லாரித் தண்ணி இறக்கறாங்க, அந்தக் காசு யார் தலைல விழுதுன்னும் கேளுங்க.

காத்து. ஆனிலிருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா மேகாத்து அடிக்கும். சாக்கடைத் தண்ணி சுத்திகரிக்கற பிளாண்ட் உங்க வீட்டுக்கு மேக்கால இருந்தா மூணு மாசம் ஜன்னலைத் தொறக்க முடியாதுங்க. வீட்டுக்குக் கிழக்கால இருந்தா பரவால்ல. இது வரைபடத்துலயே தெரிஞ்சுபோகும், ஆனா ஆருமே பாக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, சாயங்காலம் ஏழரை மணிக்கு வளாகத்துக்குள்ள நின்னு எத்தனை வீட்டுல லைட் எரியுதுன்னு எண்ணுங்க. எல்லாம் வித்துப்போச்சும்பாங்க, பாதிப் பேரு அமெரிக்காவுல இருப்பாங்க. சாப்பாட்டுக் கூடத்துல ஆள் கம்மியானா என்னாகும்? சமையக்காரர் சம்பளம் அதேதான், சாப்பிடற தலை குறையுது. ஒண்ணு காசு ஏறும், இல்லாட்டி காய் குறையும். நூறு பேர் சாப்பிடற அடுப்பும் முப்பது பேர் சாப்பிடற அடுப்பும் ஒண்ணில்லீங்க.

சாப்பாட்டுல உங்க அப்பா அம்மா பழக்கத்தையும் பாருங்க. இங்க நிறைய இடத்துல சைவச் சாப்பாடுதான், மெனுவும் வெளியூர்க்காரங்களை நெனச்சுப் போட்டது. அரிசியும்பருப்புஞ் சோறு, கொள்ளு ரசம், சந்தகை, கம்பஞ்சோறு இதெல்லாம் மாசத்துல எத்தனை நாள் வருது? சொந்த அடுப்புல கறி எடுத்து ஆக்கலாமா கூடாதா? இதைக் கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. அறுவது வருசம் தின்ன சோத்தை மாத்தறது அத்தனை லேசில்ல. அப்பறம் நேரம்: ராச்சோறு ஏழு மணிக்கு, காலைப் பலகாரம் எட்டரைக்குன்னா நடுவுல பதிமூணரை மணி நேரம். இன்சுலின் போடறவருக்கு ராத்திரி படுக்கப் போறப்பவும், விடிகாலமும் ஏதாச்சும் வேணும். அறைக்குக் கொண்டாந்து குடுப்பாங்களா?

வரவு செலவு:

மாதக் கட்டணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இன்றைய தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உதாரணத்துக்கு இருவருக்கும் எல்லாம் சேர்த்து மாதம் 30,000 ரூபாய் என்று வைப்போம். வருடம் 8 சதவீதம் ஏறினால் பத்து வருடம் கழித்து அது ஏறக்குறைய 64,800. 10 சதவீதம் என்றால் 77,800. ஓய்வூதியமோ வட்டியோ அந்த வேகத்தில் ஏறுமா என்பதுதான் கேள்வி. கடந்த ஐந்து வருடக் கட்டண உயர்வை ரசீதோடு கேளுங்கள். ஒப்பந்தத்தில் உயர்வுக்கு உச்ச வரம்பு இல்லாமல் "நிர்வாகம் தீர்மானிக்கும்" என்றிருந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டியில் ஒரு வித்தியாசம் உண்டு. குடியிருப்போர் சங்கம் தன் உறுப்பினரிடம் வாங்கும் பராமரிப்பில் மாதம் 7,500 ரூபாய் வரை வரி இல்லை. அதைத் தாண்டினால் மிஞ்சிய தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. கம்பெனி நேரடியாக வாங்கினால் அந்த விலக்கு பொருந்தாது, பராமரிப்புக் கட்டணம் முழுவதற்கும் 18 சதவீதம். சொன்ன கட்டணம் வரியோடா வரி இல்லாமலா என்று எழுதி வாங்குங்கள்.

கார்ப்பஸ் நிதி என்று வீடு வாங்கும்போது ஒரு தொகை பிடிப்பார்கள். அது எந்த வங்கியில், யார் பெயரில் வைப்பில் இருக்கிறது, வட்டி எங்கே போகிறது? பெயின்ட், லிஃப்ட் மாற்றுவது, பெரிய மோட்டார் போன்றவை அதிலிருந்துதான் வர வேண்டும். கடைசி இரண்டு வருடத் தணிக்கை அறிக்கை கேட்டால், ஒழுங்காக நடக்கும் இடம் எடுத்துக் கொடுக்கும்.

பவானிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. டெபாசிட் வளாகத்தின் ஒப்பந்த நகல் வந்தது. அதில் ஒரு வரி: "குடியிருப்பவர் தம் அன்றாடத் தேவைகளைத் தாமே செய்துகொள்ள இயலாத நிலையில், நிர்வாகத்தின் முடிவே இறுதியானது." இதற்கு என்ன அர்த்தம்? கோபி வீட்டை விற்றுத்தான் டெபாசிட் கட்டணும் என்ற நிலை. விற்கலாமா?

மருதமலைக் காத்து:

அந்த ஒரு வரிதான் முழு ஒப்பந்தமும். படுக்கையில விழுந்தாலோ மறதி நோய் வந்தாலோ கூட்டிட்டுப் போங்கன்னு சொல்ல அவங்களுக்கு அது இடம் குடுக்குது. அதுக்குப் பதிலா மூணு விஷயத்தை எழுதச் சொல்லுங்க. முடியலைன்னு யார் முடிவு பண்றது: நிர்வாகமா, வெளி டாக்டர் ஒருத்தரும் சேர்ந்தா? முடியாத நிலையில வளாகத்துக்குள்ளயே உதவியோட இருக்கிற அசிஸ்டட் லிவிங் படுக்கை இருக்கா, மொத்த வீட்டுக்கு எத்தனை படுக்கை, காத்திருப்போர் வரிசை உண்டா? இல்லாட்டி நீங்களே அட்டெண்டர் வெச்சு அதே வீட்டுல பார்த்துக்க அனுமதி உண்டா, அந்த அட்டெண்டர் ராத்திரி எங்க தூங்கறது, சாப்பாடு யார் தர்றது?

அப்பாவுக்கு முடியாம போனா அம்மா என்ன ஆவாங்கங்கறதும் அதுலயே இருக்கணும். ஒருத்தரை நர்சிங் பிளாக்குக்கு மாத்தினா ரெண்டு இடத்துக்கும் முழுக் கட்டணமா? எண்பது வயசுக்காரங்க நிறையப் பேர் இருக்கிற வளாகத்துல ஒரு வீல்சேர் கூடக் கண்ணுல படலைன்னா, நடக்க முடியாம போனவங்க எங்கே போனாங்கன்னு அங்கே குடியிருக்கிறவங்ககிட்டக் கேளுங்க.

நீங்க வெளிநாட்டுல இருக்கிறதால இன்னொண்ணு: ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட, பணம் கட்ட, கோவைலயே ஒரு சொந்தக்காரரோ நம்பிக்கையானவரோ வேணும். அவங்க பேரு, நம்பர், அப்பா அம்மாவோட மருந்துப் பட்டியல், அலர்ஜி, இன்சூரன்ஸ் அட்டை நகல், விரும்பற ஆஸ்பத்திரி பேரு எல்லாத்தையும் ஒரே காகிதத்துல எழுதி நர்ஸ் ரூம்லயும் வீட்டுக் கதவுக்குப் பின்னாலயும் ஒட்டிடுங்க.

நொய்யல்:

அந்த வரி திருத்தப்படாமல் இருந்தால் அந்த டெபாசிட் வேண்டாம் என்பதே என் கருத்து. கோபி வீட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம். வாடகைக்கு விடுங்கள். பெரியவர்களுக்கு அங்கே ஒத்துவரவில்லை என்றால் திரும்ப ஒரு இடம் இருக்கணும்.

வரியிலும் ஒரு காரணம் உண்டு. வீட்டை விற்ற லாபத்தில், விற்ற இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரியில் விலக்குக் கிடைக்கும். திருப்பித் தரும் டெபாசிட் வீடு வாங்கியதாகக் கணக்கில் வராது, ஆக லாபத்துக்கு வரி கட்ட நேரும். நிலமும் வீடும் 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், 12.5 சதவீதமா, பணவீக்கச் சரிக்கட்டோடு 20 சதவீதமா, எது குறைவோ அதை உள்நாட்டில் வசிப்பவர் எடுத்துக்கொள்ளலாம். வீடு அப்பா பெயரிலா, அம்மா பெயரிலா, பூர்வீகச் சொத்தா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும், ஆடிட்டரிடம் பத்திரத்தோடு போங்கள்.

வீட்டை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதிவைக்கும் பேச்சு வந்தால், செட்டில்மென்ட் பத்திரத்திலேயே "பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையை எழுதுங்கள். 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு அந்த நிபந்தனைதான் பிடி. அதைவிட உயில் எழுதி, சொத்தைக் கடைசி வரை அவர்கள் பெயரிலேயே வைப்பது நல்லது. மாதக் கட்டணம் ஏறும்போது விற்கவோ வாடகை வாங்கவோ அவர்கள் கையிலேயே ஒன்று இருக்கும்.